ஹீட்டர் வால்வு ஒழுகினால் அதன் வாயை அடைக்காதீர்கள்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் என் மாமனார் 1976இல் கட்டிய வீட்டில் இருக்கிறோம். மாடிக் குளியலறையில் 25 லிட்டர் வாட்டர் ஹீட்டர் ஒன்பது ஆண்டுகளாக ஓடுகிறது. மார்கழி பிறந்ததிலிருந்து அதன் அடியில் இருக்கும் சிறிய வால்வின் மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. இரவு சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தாலும் காலையில் வாளி முக்கால் நிறைந்திருக்கிறது. பார்க்க வந்த பிளம்பர், மூக்கில் ஒரு மூடியைப் போட்டுத் திருகிவிட்டால் தீர்ந்தது என்கிறார். இன்னொருவர் ஹீட்டரையே மாற்றச் சொல்கிறார். மொட்டை மாடித் தொட்டிக்கு அடியில் இருக்கும் கேட் வால்வும் வேலை செய்யவில்லை. எந்தப் பக்கம் திருகினாலும் சும்மா சுற்றுகிறது. மாடியில் வெந்நீர், பச்சைத் தண்ணீர் இரண்டுமே மெலிந்துதான் வருகின்றன. தரைத்தளத்தில் அவ்வளவாகத் தெரியவில்லை. எண்பத்திரண்டு வயது மாமியாருக்குத் தினமும் வெந்நீர் வேண்டும். எதை முதலில் செய்வது? — ஒரு வாசகி

பதில்: அன்புள்ள அம்மா, முதலில் ஒன்று. அந்த மூடியைப் போட விடாதீர்கள். உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்குள் போட்டுவிட்டார் என்றால், இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் ஹீட்டரின் சுவிட்சை அணையுங்கள். குளியலறைக்கு வெளியே அதற்கென்று தனி எம்.சி.பி. (மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச்) இருந்தால் அதையும் இறக்கிவிடுங்கள். பிறகு வெந்நீர்க் குழாயைத் திறந்து சிறிது நேரம் ஓட விடுங்கள். மூடியை உடனே கழற்ற முயல வேண்டாம். உள்ளே இருப்பது சூடான தண்ணீர், முகத்தில் அடிக்கும். ஒரு இரவு முழுதும் ஆறட்டும். அந்த மூடி வெளியே வரும்வரை ஹீட்டர் ஓடக்கூடாது.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக் குழாய் வேலைக்கு வருவதற்கு முன்பு நான் மணலியில் ஒரு தொழிற்சாலையின் கொதிகலன் அறையில் உதவியாளாக இருந்தேன். அங்கே எனக்கு முதலில் கற்றுத்தந்தது நெருப்பு மூட்டுவதை அல்ல. பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கிப் பார்ப்பதை. 1923ஆம் ஆண்டுக் கொதிகலன் சட்டத்தின் கீழ் ஆண்டுதோறும் ஆய்வாளர் வருவார். அவர் கண் முதலில் போகிற இடமும் அந்த வால்வுதான். உங்கள் குளியலறைச் சுவரில் தொங்கும் 25 லிட்டர் டப்பா அந்தக் கொதிகலனின் பேத்தி. அதற்கு ஆய்வாளர் வருவதில்லை. நீங்கள்தான் ஆய்வாளர்.

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். விசில் சத்தம் தலைவலியாக இருக்கிறதென்று வெயிட்டின் மேல் அம்மிக் குழவியை வைத்து அழுத்துவோமா? ஹீட்டர் வால்வின் மூக்கை அடைப்பது அதே வேலைதான். குக்கரில் ஆவி சீறும், நமக்குக் கேட்கும். இங்கே சத்தம் இல்லாமல் சொட்டுகிறது. அதனால்தான் இதை ஒழுகல் என்று நினைத்து அடைக்கத் தோன்றுகிறது.

ஹீட்டரின் பாதுகாப்பு வால்வான அந்தச் சிறிய வால்வுக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. தொட்டியிலிருந்து ஹீட்டருக்குள் போன தண்ணீர் திரும்பிக் குழாய்க்கு வராமல் ஒரு சிறு கதவு தடுக்கிறது. உள்ளே அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் ஒரு ஸ்பிரிங் பின்வாங்கி, மூக்கு வழியாகத் தண்ணீரை வெளியே விடுகிறது. தண்ணீர் சூடானால் பெருக்கும். 28 டிகிரியில் உள்ளே போன 25 லிட்டர் 75 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய அரை லிட்டர் கூடிவிடும். திரும்பிப் போகக் கதவு விடாது, குழாயும் மூடியிருக்கிறது. அந்த அரை லிட்டர் எங்கே போகும்? மூக்கு வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே ஹீட்டர் சூடாகிக்கொண்டிருக்கும்போது இரண்டு டம்ளர் அளவு சொட்டினால் அது பழுது அல்ல, வால்வு ஒழுங்காக இருக்கிறது என்பதற்கான அடையாளம். எத்தனையோ வீடுகளில் நன்றாக இருக்கும் வால்வை இதற்காக மாற்றியிருக்கிறார்கள்.

மூக்கை அடைத்துவிட்டாலும், தண்ணீர் போதிய அளவு சூடானதும் மின்சாரத்தை நிறுத்தும் தெர்மோஸ்டாட் சரியாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாமல் போகலாம். மூடி போட்டவர்கள் 'எத்தனையோ வீட்டில் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்வது அந்தத் தைரியத்தில்தான். ஒரு நாள் தெர்மோஸ்டாட்டின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அதற்குத் துணையாக, சூடு மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்க இருக்கும் கட்-அவுட்டும் பழசாகிக் கைவிடும். அப்போது ஹீட்டர் அணையாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. 8 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் 175 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே நிற்கும். டப்பா கிழிந்த நொடியில் அழுத்தம் விட்டுப்போய், அதில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். ஒரு குளியலறை அதைத் தாங்காது.

இராயபுரத்தில் அப்படி ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள், ஹீட்டரை அணைக்க மறந்துவிட்டார்கள். குளியலறைக் கதவு கீலோடு பெயர்ந்து எதிர்ச்சுவரில் சாய்ந்திருந்தது. மேற்கூரையின் பூச்சு மொத்தமும் தரையில். ஹீட்டரின் அடித்தட்டு கிழிந்து, காய்ந்த வாழைமட்டை போல வெளிப்பக்கம் மடங்கியிருந்தது. குப்பையைக் கிளறிப் பாதுகாப்பு வால்வைத் தேடி எடுத்தேன். அதன் மூக்கில் அரை அங்குல மூடி அப்படியே இருந்தது. சணல் நூலை மரைக்கு மரை அழகாகச் சுற்றி, கொஞ்சம்கூடக் கசியாதபடி யாரோ பொறுப்பாகச் செய்த வேலை. அந்த மூடியை இன்றும் என் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அதைத்தான் முதலில் காட்டுவேன்.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம்.

நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவிய வரி, 'சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்தாலும்' என்பது. சூடாகும்போது மட்டும் சொட்டியிருந்தால் விட்டுவிடுங்கள் என்று எழுதியிருப்பேன். அணைத்த பிறகும் ஓர் இரவில் முக்கால் வாளி என்றால் தண்ணீர் பெருகுவது காரணமாக இருக்க முடியாது. தொட்டியின் அழுத்தம் கூடிவிட்டதோ என்றால் அதுவும் இல்லை. 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்கள் தொட்டி ஹீட்டருக்கு மேலே நாலு மீட்டர் இருக்கலாம். அது அரை பார்கூட இல்லை. பல ஹீட்டர்களின் வால்வு 8 பாரில்தான் திறக்கும். உங்கள் தொட்டியை இருபது மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்தாலும் அந்த அழுத்தம் வராது. தொட்டிக்கும் ஹீட்டருக்கும் நடுவில் பிரஷர் பம்ப் எதையும் நீங்கள் மாட்டவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். மாட்டியிருந்தால் மட்டும் கணக்கு வேறு.

அப்படியானால் மிஞ்சுவது ஒன்றே: வால்வுக்குள் ரப்பர் உட்காரும் இடத்தில் உப்பு படிந்திருக்கிறது. கழற்றிப் பார்த்தால் தெரியும். பித்தளை இருக்கையின் விளிம்பில் பல்லில் காரை பிடித்த மாதிரி வெள்ளையாக ஒரு வளையம் இருக்கும். நகத்தால் சுரண்டினால் தூள் வராது, சில்லாகப் பெயரும். அந்தச் சில் ஒன்று கடுகளவு இருந்தாலும் போதும், ரப்பர் முழுதாக உட்காராது, சொட்டு நிற்காது.

நம் பகுதித் தண்ணீரில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். புழல் ஏரித் தண்ணீரும் காட்டுப்பள்ளியிலிருந்து வரும் மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைத் தண்ணீரும் வடசென்னைக்கு வருகின்றன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்ற திட்டத்தோடு 2010இல் தொடங்கிய ஆலை அது. அந்தத் தண்ணீர் மட்டும் ஹீட்டருக்குள் போனால் இவ்வளவு தொல்லை இராது. ஆனால் மெட்ரோ தண்ணீர் போதாத நாளில் போர் தண்ணீரையும் அதே சம்ப்பில் விடுகிறோம். வடக்கே மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல் புகுந்தது பல பத்தாண்டுகளாகப் பதிவாகியிருக்கும் செய்தி. கடற்கரையை ஒட்டிய நம் தெருக்களிலும் போர் தண்ணீரை வாயில் வைத்தாலே கரிக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை விடுகிறது. சோப்பு நுரைக்காமல் தயிர் போலத் திரிகிறதென்றால் உங்கள் தண்ணீர் முதல் எண்ணை எப்போதோ தாண்டிவிட்டது என்று கொள்ளுங்கள். இந்த உப்பு பச்சைத் தண்ணீரில் கரைந்தே இருக்கும். சூடு ஏற ஏறப் பிரிந்து படியும், அதுவும் 60 டிகிரிக்கு மேல் வேகமாக. ஹீட்டரின் திருகியை எப்போதும் கடைசி வரை திருப்பி வைக்கிற பழக்கம் இருந்தால் அதை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். எப்படியும் பச்சைத் தண்ணீரைக் கலந்துதானே குளிக்கிறோம்?

சில வால்வுகளில் ஒரு சிறு நெம்புகோல் இருக்கும். ஹீட்டர் அணைந்து நன்றாக ஆறிய பிறகு அதை நாலைந்து முறை தூக்கி விடுங்கள். வேகமாக ஓடும் தண்ணீர் சில்லை அடித்துக்கொண்டு போய்விடலாம். மறுநாள் இரவு மூக்கின் கீழ் காலி பாட்டில் ஒன்றை வைத்துப் பாருங்கள். காலையில் பாட்டில் காய்ந்திருந்தால் செலவில்லாமல் முடிந்தது. உங்கள் வீட்டில் ஒன்பது ஆண்டு உப்பு என்பதால் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனால் முயல்வதில் நட்டமும் இல்லை. நிற்கவில்லையென்றால் வால்வைப் புதிதாக வாங்குங்கள். உள்ளே பிரித்துச் சுரண்டி, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு மீண்டும் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். எத்தனை பாரில் திறக்க வேண்டும் என்று ஆலையில் பார்த்து வைத்த ஸ்பிரிங் அது. கையால் தொட்டபின் அது எதில் திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நூறு ரூபாய்ப் பொருளுக்காக அந்த ஆபத்து தேவையில்லை.

வாங்கப் போகும்போது ஹீட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் தகட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். அதில் எத்தனை பார் என்று எழுதியிருக்கும். வால்வின் எண் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். கூடுதலாக ஒருபோதும் கூடாது. மாட்டும்போது உடலில் பொறித்திருக்கும் அம்புக்குறி ஹீட்டரைப் பார்க்க வேண்டும். வால்வுக்கும் ஹீட்டருக்கும் நடுவில் வேறு குழாயோ திறப்போ எதுவும் வரக்கூடாது. மூக்கிலிருந்து சூடு தாங்கும் ஒரு சிறு குழாயைக் கீழ்நோக்கிச் சாக்கடைத் துளைவரை விட்டு, அதன் வாயைத் திறந்தே வையுங்கள். அப்படிச் செய்தால் சொட்டுவது யார் கண்ணையும் உறுத்தாது, மூடி போடவும் யாருக்கும் தோன்றாது.

இப்போது மொட்டை மாடிக்குப் போவோம். மாடியில் இரண்டு தண்ணீரும் மெலிந்து வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்நீர் மட்டும் மெலிந்திருந்தால் ஹீட்டரைச் சந்தேகிப்பேன். இரண்டும் என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில் அடைப்பு. அது அந்தக் கேட் வால்வாகத்தான் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்கு இறங்கும் தண்ணீருக்கு மூன்று மீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைப்பதால் அங்கே குறை தெரியவில்லை.

கேட் வால்வு என்பது பெயருக்கேற்ற ஒரு சிறு மதகு. கைப்பிடியைத் திருகினால் உள்ளே இருக்கும் தண்டு சுழலும். தண்டின் மரையில் ஏறி இறங்கும் தகடு தண்ணீரை மறிக்கும் அல்லது வழிவிடும். உங்கள் கைப்பிடி இரண்டு பக்கமும் முடிவில்லாமல் சுற்றுகிறதென்றால் தகட்டின் மரை அரித்துப்போய்த் தண்டு தனியாகச் சுற்றுகிறது. தகடு பாதி வழியில் சாய்ந்து தொங்கிக்கொண்டு தண்ணீரைத் தடுக்கிறது. என்றாவது அது முழுதாக விழுந்தால் வீட்டுக்கே தண்ணீர் வராது.

பித்தளை ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. உப்புத் தண்ணீரில் துத்தநாகம் மட்டும் மெல்ல மெல்லக் கரைந்து வெளியேறிவிடும்; மிஞ்சுவது துளைத்துளையான செம்பு. காசிமேட்டுப் பக்கம் கழற்றிய பழைய வால்வுகளை உடைத்துப் பார்த்திருக்கிறேன். வெளியே மஞ்சளாக, முழுதாக இருக்கும். உடைந்த இடத்தில் செங்கல் நிறம். பிஸ்கட் போலப் பொரபொரவென்று கையோடு வரும். உங்கள் தகட்டின் மரையும் அப்படித்தான் ஆகியிருக்கும். தண்டின் கழுத்தில் மட்டும் கசிந்திருந்தால் அந்தக் கழுத்தைச் சுற்றியிருக்கும் கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கியோ, கிராஃபைட் கயிறு புதிதாகச் சுற்றியோ சரிசெய்யலாம் என்று சொல்லியிருப்பேன். தகடு கழன்ற வால்வுக்கு அந்த வைத்தியம் கிடையாது. மாற்றத்தான் வேண்டும்.

எதைப் போடுவது? அந்த இடத்துக்கு மீண்டும் கேட் வால்வு போட எனக்கு மனமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை தொடுகிற வால்வு அது. கால் சுற்றில் திறந்து மூடும் பால் வால்வுதான் நல்லது. கைப்பிடி குழாயோடு நேராக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று உங்கள் பேரன்கூடக் கீழே நின்று சொல்லிவிடுவான். முழுத் துளை உள்ளதாகக் கேளுங்கள். துளை சிறுத்தது வாங்கினால் மாடியில் தண்ணீர் மறுபடியும் மெலியும். கேட் வால்வுதான் வேண்டும் என்று பிளம்பர் நின்றால் ஐ.எஸ். 778 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள கன்மெட்டல் (செம்பும் வெள்ளீயமும் சேர்ந்த உலோகம்) வால்வாக இருக்கட்டும். அதில் துத்தநாகம் குறைவு. பாரிமுனையில் செம்புதாஸ் தெருவுக்கோ லிங்கிச் செட்டித் தெருவுக்கோ போனால் இரண்டையும் அடுத்தடுத்து கையில் வாங்கி எடை பார்க்கலாம். நல்ல வால்வு கையை இழுக்கும். பழைய வால்வைக் கழற்றுவதற்கு முன் அதன் அளவை வாங்கிக்கொண்டு போங்கள். ஒண்ணேகால் அங்குலத்துக்கும் ஒன்றரை அங்குலத்துக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாமல் இரண்டு முறை பாரிமுனைக்கு அலைந்தவர்கள் நிறைய.

கழற்றும் வேலையில்தான் கவனம் வேண்டும். உங்களுடையது ஏறக்குறைய ஐம்பது வயதான ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். முந்தின நாள் இரவே மரை தெரியும் இடங்களில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். பிளம்பர் இரண்டு பைப் ரிஞ்சு கொண்டுவர வேண்டும். ஒன்று குழாயை அசையாமல் பிடித்திருக்க, மற்றது வால்வைத் திருக வேண்டும். ஒற்றை ரிஞ்சைப் போட்டு, அதன் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி எம்பினால் வால்வு கழலாது, சுவருக்குள் இருக்கும் எல்போ என்ற வளைவு இணைப்பு முறியும். அதன் பிறகு சுவரை உடைக்கக் கொத்தனாரைத் தேட வேண்டியிருக்கும். இரண்டு ரிஞ்சும் கையில் இல்லாமல் ஒருவர் வந்தால் மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

வால்வின் இரண்டு பக்கமும் இருக்கும், மரை வெட்டிய குட்டைக் குழாய்த் துண்டுகளான நிப்பிள்களையும் அதே நாளில் மாற்றிவிடுங்கள். பித்தளையும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒட்டியிருந்தால் கரைவது இரும்புதான். அந்த மரைகள் காகிதமாக மெலிந்திருக்கும். வீட்டுப் பக்கம், குழாயை வெட்டாமல் கழற்ற உதவும் யூனியன் இணைப்பு ஒன்று போடச் சொல்லுங்கள். இன்னும் பத்து ஆண்டு கழித்து அதைக் கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார். மரையில் டெஃப்லான் டேப் சுற்றட்டும், அல்லது சணலும் அதற்கென்று விற்கும் பசையும் வைக்கட்டும். பழைய காலத்து வெள்ளை ஈயப் பசையை எடுத்தால் தடுத்துவிடுங்கள். அது உண்மையிலேயே ஈயம், நீங்கள் குடிக்கும் தண்ணீரில் இறங்கும்.

எதை முதலில் என்று கேட்டிருந்தீர்கள். மொட்டை மாடி வால்வு மூடாதவரை கீழே ஹீட்டர் வால்வைக் கழற்றவே முடியாது. தொட்டித் தண்ணீர் முழுவதும் குளியலறையில் கொட்டும். ஹீட்டருக்கு முன்னால் சுவரில் அதற்குப் போகும் தண்ணீரை மட்டும் நிறுத்தும் ஆங்கிள் காக் இருந்து அது நன்றாக மூடுமானால் மட்டும் ஹீட்டர் வால்வைத் தனியாக முடித்துவிடலாம். இல்லையென்றால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். முந்தின நாள் மோட்டார் போடாமல் தொட்டியைச் செலவழித்து இறக்கிவிட்டு, குடிக்கவும் சமைக்கவும் குடங்களில் பிடித்துவைத்தால் போதும். அன்றைக்கே ஹீட்டருக்கு முன்னால் ஓர் ஆங்கிள் காக்கும் போட்டுவிடுங்கள், ஆனால் பாதுகாப்பு வால்வுக்குக் குழாய்ப் பக்கம்தான், ஹீட்டர் பக்கம் அல்ல.

பாதுகாப்பு வால்வைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் 25 லிட்டரும் அதே வழியாக இறங்கும். வாளிகள் தயாராக இருக்கட்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்தால் காற்று புகுந்து விரைவாக வடியும். அந்தத் தண்ணீரோடு வெள்ளைச் சில்லுகளும் விழும். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஹீட்டரின் அடித்தட்டையும் திறந்து உப்பைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே மக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டப்பா அரிக்காமல் இருக்கத் தன்னைக் கொடுத்துக் கரைகிற கம்பி அது. ஒன்பது ஆண்டுகளாக யாரும் மாற்றவில்லை என்றால் இந்நேரம் நடுவில் இருக்கும் இரும்பு நரம்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். கம்பியோடு தெர்மோஸ்டாட்டையும் கட்-அவுட்டையும் மாற்றிவிட்டால் எனக்கு நிம்மதி. இது எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. பிளம்பரையே செய்யச் சொல்லாதீர்கள்.

ஹீட்டரையே மாற்ற வேண்டுமா என்பதற்கும் அன்றைக்கே விடை கிடைத்துவிடும். வெள்ளைக் கிண்ணம் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வரும் முதல் தண்ணீர் ஜி.ஐ. குழாயில் எப்போதும் பழுப்பாகத்தான் வரும் என்பதால் ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஒன்றில் வெந்நீரும் மற்றதில் பச்சைத் தண்ணீரும் பிடியுங்கள். வெந்நீர் மட்டும் பழுப்பாக இருந்தாலோ, டப்பாவின் தையல் ஓரத்தில் துருக்கோடு இறங்கியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். அதில் மேலும் காசைப் போட வேண்டாம். இரண்டும் ஒரே நிறம் என்றால் ஹீட்டருக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது.

1976இல் கட்டிய வீடு என்பதால் இன்னொன்று கேட்கிறேன். குளியலறை பிளக்குக்கு எர்த் கம்பி உண்மையிலேயே மண்வரை போகிறதா என்று எலக்ட்ரீஷியன் கருவி வைத்துப் பார்க்கட்டும். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. ஒரு மாதமாக ஈரம் சொட்டிக்கொண்டிருக்கும் இடம் அது. மின்கசிவு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை அந்த வழியில் போட்டுவிடுங்கள். இந்தக் கடிதத்தில் நான் சொன்ன எல்லாவற்றிலும் மூடியைத் தடுப்பதற்கு அடுத்தபடி அவசரமானது இதுதான்.

எல்லாம் மாட்டியபின் உடனே சுவிட்சைப் போடக்கூடாது. வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துத் தொட்டி வால்வைத் திறங்கள். முதலில் காற்று வரும், பிறகு துப்பித் துப்பித் தண்ணீர் வரும். ஒரே சீராக ஓடத் தொடங்கிய பிறகுதான் ஹீட்டர் நிறைந்தது என்று பொருள். காலி ஹீட்டரில் மின்சாரம் போனால் சூடேற்றும் கம்பிச்சுருள் (காயில்) அன்றே எரிந்துவிடும். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பால் வால்வை மூடித் திறந்துவிடுங்கள். அசையாமல் கிடந்தால் அதுவும் உப்பு பிடித்து இறுகிவிடும்.

மூடி போடச் சொன்ன பிளம்பரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவருக்குக் கற்றுத்தந்தவர் அப்படிக் கற்றுத்தந்திருப்பார். ஒழுகினால் அடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். இந்த ஒரு மூக்கு மட்டும் அதற்கு விலக்கு. இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். புரிந்துகொண்டு செய்கிறார் என்றால் அவரையே வைத்துக்கொள்ளுங்கள், அவர் உங்கள் வீட்டுக் குழாய்களை அறிந்தவர்.

வேலை முடியும்வரை மாமியாருக்கு அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுங்கள். அவசரத்துக்கு வாளியில் போடும் மின்சார ராடை வாங்கிவிட வேண்டாம். எர்த் சரியா என்று தெரியாத ஈரக் குளியலறையில் அது கூடாது. வெந்நீரைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவதைவிட, இந்தச் சில நாளைக்கு அவரைத் தரைத்தளக் குளியலறையில் குளிக்க வையுங்கள். வாளியில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அதன்மேல் வெந்நீரை விளாவுங்கள். எண்பது வயதுத் தோலுக்குச் சூடு சட்டென்று உறைக்காது. உங்கள் முழங்கையை விட்டுப் பார்த்தபின் அவரிடம் கொடுங்கள்.